யூனிக்ஸ், லினக்ஸ் குழாய்களில் இடையகம்: ஒரு வரலாற்று ஆய்வு (1964 – 2010)

ஆய்வுச் சுருக்கம்

ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக இணைக்கும் ‘குழாய்’ என்னும் அமைப்பு யூனிக்ஸ் இயங்குதளத்தின் சிறந்த கண்டுபிடிப்பாகப் போற்றப்படுகிறது. அக்குழாயின் நடுவே தரவு தங்கிச் செல்லும் இடமாகிய இடையகம் அதே அளவு கவனம் பெறவில்லை. கட்டளைவரி நிரல்களுக்கிடையே ஓரிடையகம் அன்று, ஈரிடையகங்கள் உள்ளன என்பதையும், அவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு தேவைக்காகத் தோன்றின என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மறுமுனையில் இருப்பது எதுவென்று நிரல் அறியவேண்டியதில்லை என்பது குழாயின் அடிப்படைக் கொள்கை. இரண்டாம் இடையகம் அக்கொள்கைக்கு முரணாக அமைந்தது என்பதும், பிற்காலத் துணைக்கருவிகள் பலவும் அம்முரணைச் சரிசெய்ய எழுந்தவையே என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: குழாய், இடையகம், யூனிக்ஸ், லினக்ஸ், கெர்னல், செந்தர வெளியீடு, முனையம்.

முன்னுரை

கணினியின் கட்டளைவரியில் சிறு நிரல்கள் பலவற்றைச் சங்கிலியாகக் கோத்துப் பெரும்பணி ஒன்றைச் செய்விப்பது யூனிக்ஸ் மரபு. ஒரு நூலின் சொற்களை ஒரு நிரல் பிரித்துத் தரும். அடுத்த நிரல் அகரவரிசைப்படுத்தும். மூன்றாவது ஒரே சொல் எத்தனை முறை வந்தது என எண்ணும். இவற்றை இணைப்பது குழாய். இணைந்த நிரல்கள் ஒரே வேகத்தில் இயங்குவதில்லை. ஏற்றத்தில் சால் சாலாக விட்டுவிட்டு வரும் நீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் சீராக ஓடுவதைப் போல, நிரல்களின் வேக வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ள இடையே ஒரு தற்காலிகச் சேமிப்பிடம் வேண்டியுள்ளது. அதுவே இடையகம், கணினித்துறையினர் ‘பஃபர்’ என வழங்குவது இதனையே.

தனியே முனையத்தில் இயக்கும்போது வரிக்கு வரி உடனே விடை தரும் ஒரு நிரல், குழாயில் இணைத்தவுடன் நெடுநேரம் எதையும் வெளியிடாது நிற்பதுண்டு. நிரலிலும் பிழையில்லை, குழாயிலும் அடைப்பில்லை. இந்தக் காலத்தாழ்வு எங்கே, எப்போது, யாருடைய முடிவால் தோன்றியது என்னும் வினாவை முன்வைத்து இடையகத்தின் வரலாறு இங்கு ஆராயப்படுகிறது.

1. கருத்தின் பின்புலம்

குழாய் என்னும் எண்ணம் யூனிக்ஸைவிட மூத்தது. 1963இல் மெல்வின் கான்வே, மொழிபெயர்ப்பி நிரல் ஒன்றைப் பல கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் தானே முதன்மை நிரல் என்பதுபோல் எழுதப்பட இயலும் எனக் காட்டினார். ஒரு கூறு தரவைத் தரும், மற்றொன்று பெறும், கட்டுப்பாடு இரண்டிற்கும் இடையே மாறிமாறிச் செல்லும். இணைநிரல் என்னும் கருத்து இவ்வாறு நிலைபெற்றது.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் முர்ரே ஹில்லில் அமைந்த பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய், 1964 அக்டோபர் 11ஆம் நாளிட்ட குறிப்பொன்றில், தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயில் வேண்டும்போது மற்றொரு துண்டைத் திருகிச் சேர்ப்பதுபோல நிரல்களையும் இணைக்க வழி வேண்டும் என்று எழுதினார். இவ்வுவமையில் இணைப்பு உண்டு, ஓட்டம் உண்டு, தேக்கம் இல்லை.

தேக்கத்தைப் பற்றிச் சிந்தித்தவர் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரில் பணியாற்றிய எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. ஆக்குவோன் ஒருவன், நுகர்வோன் ஒருவன், இருவருக்கும் இடையே அளவுக்குட்பட்ட ஓரிடையகம் என்னும் அமைப்பை 1965இல் அவர் ஆராய்ந்தார். இடையகம் நிரம்பினால் ஆக்குவோன் காத்திருக்க வேண்டும். காலியானால் நுகர்வோன் காத்திருக்க வேண்டும். இவ்விரு காத்திருப்புகளையும் பிழையின்றி ஒழுங்குபடுத்தச் செமஃபோர் என்னும் குறியீட்டு முறையை அவர் பயன்படுத்தினார். இணைப்பு பற்றிய சிந்தனையும் தேக்கம் பற்றிய சிந்தனையும் இவ்வாறு தனித்தனியே வளர்ந்து, யூனிக்ஸ் குழாயில் ஒன்றுகூடின.

2. முதல் இடையகம்: கெர்னலின் உள்ளே

மெக்கில்ராய் பல ஆண்டுகள் வலியுறுத்திய கருத்தைக் கென் தாம்சன் யூனிக்ஸில் நிறைவேற்றினார். 1973 பிப்ரவரியில் வெளிவந்த யூனிக்ஸ் மூன்றாம் பதிப்புக் கையேட்டில் குழாய்க்கான அழைப்பு இடம்பெற்றுள்ளது. அதற்கு முன்னர் ஒரு நிரலின் வெளியீட்டைத் தற்காலிகக் கோப்பில் எழுதி, அது முடிந்தபின் அடுத்த நிரலுக்கு அக்கோப்பைத் தருவதே வழக்கம். குழாய் வந்தபின் இரு நிரல்களும் ஒருங்கே இயங்கத் தொடங்கின.

1975ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு மூலநிரல் குழாயின் உள்ளமைப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் குழாய் என்பது பெயரற்ற ஒரு கோப்பே. எழுதும் நிரல் 4096 பைட் வரை அதில் எழுதலாம். அதன்பின் கெர்னல் அந்நிரலை உறங்கவைக்கும். படிக்கும் நிரல் எழுதியதனைத்தையும் படித்து முடித்ததும் கோப்பின் அளவு மீண்டும் சுழியாக்கப்பட்டு, உறங்கும் நிரல் எழுப்பப்படும். தொட்டியை நிரப்பி, முழுவதும் வடித்து, மறுபடி நிரப்பும் முறை இது.

4096 என்னும் எண்ணின் காரணம் நோக்கத்தக்கது. அன்றைய கோப்பமைப்பில் சிறுகோப்பு ஒன்றிற்கு எட்டுத் தொகுதி முகவரிகள் இருந்தன. ஒரு தொகுதி 512 பைட். எட்டையும் 512ஐயும் பெருக்கினால் 4096. அதற்கு மேற்பட்டால் அது பெருங்கோப்பாகி, முகவரிகளைத் தேட மற்றொரு தொகுதி தேவைப்படும். குழாய்கள் பெருங்கோப்பாவது நன்றன்று என்னும் கருத்தில் மூலநிரலிலேயே குறிப்பும் உள்ளது. ஆகவே முதல் இடையகத்தின் அளவை அறுதியிட்டது தரவோட்டம் பற்றிய கோட்பாடன்று. வட்டில் கோப்பை அடுக்கிய முறையே எனலாம்.

அளவு தற்செயலாக அமைந்தபோதும் அதன் பயன் பெரிது. எல்லையுள்ள இடையகம் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. விரைந்து எழுதும் நிரல் காத்திருக்க நேர்வதால், எவ்வளவு பெரிய தரவும் சிறு நினைவகத்தின் வழியே சென்றுவிட முடிகிறது. படிக்கும் நிரல் இடையில் விலகிவிட்டால், எழுதும் நிரலுக்கு நிறுத்தக் குறிப்பு அனுப்பும் வழக்கமும் ஆறாம் பதிப்பிலேயே காணப்படுகிறது. முடிவின்றி எழுதும் ஒரு நிரலின் முதல் பத்து வரிகளை மட்டும் பெற்றுச் சங்கிலியை முடிக்க இயல்வது இதனால்தான்.

இதன் அருமையை ஓர் ஒப்பீடு விளக்கும். 1983இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 2.0 யூனிக்ஸின் குழாய்க் குறியை ஏற்றுக்கொண்டது. ஆயின் அது ஒரே நேரத்தில் ஒரு நிரலையே இயக்கவல்லது. எனவே முதல் நிரலின் வெளியீடு முழுவதும் தற்காலிகக் கோப்பில் எழுதப்பட்டு, அது முடிந்தபின்னரே இரண்டாம் நிரல் தொடங்கியது. குறி ஒன்றே, இயக்கம் பழைய தற்காலிகக் கோப்பு முறையே. எல்லையுள்ள இடையகமும் அதனைச் சுற்றிய காத்திருப்பு ஒழுங்குமே குழாயைக் குழாயாக்குகின்றன என்பது இதனால் பெறப்படும்.

3. இரண்டாம் இடையகம்: நிரலின் உள்ளே

1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு, சி மொழிக்கான செந்தர உள்ளீடு-வெளியீட்டு நிரலகத்தை நிலைபெறச் செய்தது. மைக் லெஸ்க் முன்னர் உருவாக்கிய பெயர்த்தகு நிரலகத்தின் தொடர்ச்சியாக டென்னிஸ் ரிட்சி இதனை அமைத்தார்.

நிரல் ஒன்று ஒவ்வோர் எழுத்தையும் வெளியிடக் கெர்னலை அழைத்தால், அழைப்பின் செலவே வேலையின் செலவை விஞ்சும். ஆதலின் நிரலகம், நிரலின் சொந்த நினைவகத்திலேயே ஓரிடையகத்தை வைத்து, 512 பைட் சேர்ந்தபின் ஒரே அழைப்பில் கெர்னலிடம் ஒப்படைத்தது. அஞ்சலட்டையை ஒவ்வொன்றாக நிலையத்திற்கு எடுத்துச் செல்லாமல் கட்டாகச் சேர்த்து எடுத்துச் செல்வதை ஒத்தது இது.

முனையத்தின் முன் மனிதர் ஒருவர் அமர்ந்திருக்கையில் இம்முறை ஒவ்வாது. கேள்வி திரையில் தோன்றாமலே நிரல் விடைக்காகக் காத்திருக்கும் நிலை உண்டாகும். இதனைத் தவிர்க்க ஏழாம் பதிப்பின் நிரலகம், செந்தர வெளியீட்டின் மறுமுனையில் முனையம் உள்ளதா என முதற்கண் வினவுகிறது. முனையமாயின் இடையகமின்றி உடனே வெளியிடுகிறது. அல்லாவிடில் இடையகத்தில் சேர்க்கிறது. முனையத்திற்கு வரிதோறும் வெளியிடும் நடுவழி பின்னர் பெர்க்லி பதிப்புகளின் வழியே பரவியது. 1989ஆம் ஆண்டின் சி மொழிச் செந்தரம் முழு இடையகம், வரி இடையகம், இடையகமின்மை என்னும் மூவகையையும் வரையறுத்தது. ஊடாட்டக் கருவி அன்று எனத் தெளியுமிடத்து மட்டுமே செந்தர வெளியீடு முழு இடையகம் பெறும் எனவும், பிழைச்செய்திக்கான வெளியீடு ஒருபோதும் முழு இடையகம் பெறாது எனவும் அது விதித்தது.

இவ்விடத்தில் ஒரு முரண் தோன்றுகிறது. திரையோ, கோப்போ, வேறு நிரலோ, வெளியீடு எங்குச் செல்கிறது என்பதை அறியாமலே நிரல் எழுதவேண்டும் என்பது குழாயின் கொள்கை. அந்த அறியாமையே நிரல்களை விரும்பியவாறு கோக்க உதவியது. நிரலகமோ மறுமுனையை வினவி அறிந்து, அதற்கேற்ப நடத்தையை மாற்றுகிறது. எழுதப்படும் தரவு மாறவில்லை. அது வெளிப்படும் காலம் மாறிவிட்டது. வெளியீட்டின் பொருளில் காலமும் ஒரு கூறு என்பது வடிவமைப்பில் கருதப்படவில்லை.

இச்சிக்கல் தொடக்கத்திலேயே உணரப்பட்டதற்கும் சான்றுண்டு. கோப்புகளைத் தொடர்ந்து வெளியிடும் ‘கேட்’ நிரலில், இடையகத்தைத் தவிர்ப்பதற்கெனத் தனி விருப்பக்குறி ஏழாம் பதிப்பிலேயே இடம்பெற்றுள்ளது.

4. ஈரிடையகங்களின் விளைவுகள்

இரண்டு இடையகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் விளையும் சிக்கல்களை நான்காகப் பகுக்கலாம்.

முதலாவது, காலத்தாழ்வு. இன்றைய லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனு சி நிரலகம் குழாய்க்கு 4096 பைட் இடையகம் தருகிறது. வளர்ந்துவரும் பதிவேடு ஒன்றிலிருந்து எச்சரிக்கை வரிகளை ஒரு நிரல் வடிகட்ட, அடுத்த நிரல் அவற்றைத் திரையில் காட்டுகிறது எனக் கொள்வோம். வரிக்கு 40 பைட் எனில் ஏறத்தாழ 102 வரிகள் சேர்ந்த பின்னரே முதல் வரி இடைநிரலை விட்டு வெளியேறும். நிமிடத்திற்கு ஓர் எச்சரிக்கை வந்தால், முதல் எச்சரிக்கை திரைக்கு வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகலாம். இறுதி நிரலின் மறுமுனையில் முனையம் இருப்பதால் அது உடனுக்குடன் எழுதுகிறது; தேக்கம் நடுவிலுள்ளது. ஒவ்வொரு நிரலையும் தனியே சோதித்தால் அதன் வெளியீடும் முனையத்திற்கே செல்வதால் குறை மறைந்துவிடுகிறது. இச்சிக்கலைக் கண்டறிதல் அரிதாவது இதனாலேயே.

இரண்டாவது, இழப்பு. கெர்னல் இடையகத்தில் சேர்ந்த தரவு, எழுதிய நிரல் அழிந்தபின்னும் படிக்கும் நிரலுக்குக் கிடைக்கும். நிரலக இடையகத்தில் உள்ளதோ அந்நிரலின் நினைவகத்திலேயே இருப்பதால், நிரல் திடீரென நிறுத்தப்பட்டால் உடன் அழியும். ஒரு நிரல் ஏன் வீழ்ந்தது என்பதைச் சொல்லக்கூடிய இறுதி வரிகளே பெரும்பாலும் இவ்வாறு இழக்கப்படுகின்றன.

மூன்றாவது, கலப்பு. பல நிரல்கள் ஒரே குழாயில் எழுதும்போது, குறிப்பிட்ட அளவுக்கு உட்பட்ட ஓர் எழுத்து பிறருடையதோடு கலவாது என்பது போசிக்ஸ் செந்தரத்தின் உறுதி. அவ்வளவு குறைந்தது 512 பைட். லினக்ஸில் 4096 பைட். ஆயின் நிரலக இடையகம் வரியின் முடிவைப் பாராமல் தான் நிரம்பிய இடத்தில் வெட்டி அனுப்புகிறது. கெர்னல் தன் உறுதியைக் காத்தாலும், பாதி வரியின் பின்னே வேறு நிரலின் வரி வந்து ஒட்டிக்கொள்கிறது.

நான்காவது, முடக்கநிலை. ஒரே திசையில் செல்லும் சங்கிலியில், எல்லையுள்ள இடையகத்தால் மட்டும் முடக்கம் நேராது. இரு நிரல்கள் ஒன்றுக்கொன்று இரு குழாய்களால் கேள்வியும் விடையுமாகப் பேசும்போது நிலை வேறு. கேள்வி ஒன்றன் இடையகத்திலேயே தங்க, மற்றது கேள்வி வருமெனக் காத்திருக்க, இரண்டும் நகராது நிற்கும். 1974இல் ஜில் கான் முன்வைத்த இணைநிலை நிரல்வலைக் கோட்பாட்டில் வரிசைகளுக்கு எல்லை இல்லை. அதனால் அங்கு இடையகம் நிரம்பி எழும் முடக்கத்திற்கு இடமில்லை. எல்லையுள்ள இடையகம் கொண்ட உண்மைக் கணினியில் கிளைத்தும் திரும்பியும் வரும் அமைப்புகள் இந்த இடரை எதிர்கொள்கின்றன.

5. லினக்ஸில் கெர்னல் இடையகத்தின் வளர்ச்சி

ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் வெளியிட்ட லினக்ஸ் 0.01இல் குழாயின் இடையகம் நினைவகத்தின் ஒரே பக்கம்; அதன் அளவு 4096 பைட். ஆறாம் பதிப்பின் அளவும் இதுவே எனினும் காரணம் வேறு. அங்கு வட்டுத் தொகுதிகள் எட்டு. இங்கு இன்டெல் செயலியின் நினைவகப் பக்கம் ஒன்று. எண்ணின் ஒற்றுமையைக் கொண்டு மரபுத் தொடர்ச்சியை நிறுவுதல் கூடாது என்பதற்கு இது சான்று. முறையும் மாறியது. முழுவதும் வடித்தபின் நிரப்பும் முறை நீங்கி, ஒரு முனையில் படிக்கப் படிக்க மறுமுனையில் எழுதத்தக்க வளைய இடையகம் அமைந்தது.

2005இல் வெளிவந்த 2.6.11 பதிப்பு ஒரு பக்கத்தைப் பதினாறாக்கியது. கொள்ளளவு 65,536 பைட் ஆயிற்று. 2006இன் 2.6.17 பதிப்பில், தரவை நிரலின் நினைவகத்திற்குப் படியெடுக்காமல் குழாய்க்கும் கோப்புக்கும் இடையே நகர்த்தும் அழைப்புகள் சேர்ந்தன. 2010இன் 2.6.35 பதிப்பு முதல், குழாயின் கொள்ளளவை நிரலே மாற்றிக்கொள்ளலாம். சிறப்புரிமையற்ற பயனருக்கான உச்சவரம்பு இயல்பாக 10,48,576 பைட்.

இவ்வளர்ச்சி விரைவைக் கூட்டியது. நிரல்கள் மாறிமாறி உறங்கி எழுவதைக் குறைத்தது. ஆயினும் மேற்கூறிய காலத்தாழ்வை இது தீர்க்கவில்லை. அத்தேக்கம் குழாயில் இல்லை. குழாயை வந்தடையுமுன் நிரலுக்குள் உள்ளது. குழாயை எவ்வளவு பெரிதாக்கினும் அதில் ஊற்றப்படாத நீர் ஓடாது.

6. தீர்வு முயற்சிகள்

நிரலக இடையகத்தின் சிக்கலுக்குப் பொதுத்தீர்வு இன்மையால் ஒவ்வொரு நிரலும் தனக்கெனத் தனிவழி கண்டது. வரிகளைத் தேடும் கிரெப், வரிகளைத் திருத்தும் செட், வலையமைப்புப் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப், பைத்தான் மொழியின் இயக்கி ஆகியவை இடையகத்தைக் குறைக்க அல்லது நீக்க விருப்பக்குறி கொண்டுள்ளன. அக்குறிகள் எல்லா நிரல்களிலும் ஒன்றல்ல. ஒரே குறைக்குப் பலவிடத்துப் பல பெயரில் மருந்து இருப்பது, நோய் பொதுவிடத்தில் உள்ளது என்பதையே காட்டுகிறது.

பொதுத்தீர்வை நாடிய முயற்சிகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, டான் லிபெஸ் 1990இல் அறிமுகப்படுத்திய எக்ஸ்பெக்ட் தொகுப்பைச் சார்ந்த ‘அன்பஃபர்’. இது நிரலின் மறுமுனையில் போலி முனையம் ஒன்றை வைக்கிறது. நிரலகம் வழக்கம்போல் வினவி, முனையமே உள்ளதெனக் கருதி உடனுக்குடன் எழுதுகிறது. வினாவுக்கு மாற்றுவிடை தந்து வினாவின் தீமையைப் போக்கும் உத்தி இது. மற்றொன்று, 2009இல் குனு அடிப்படைக் கருவித் தொகுப்பில் சேர்ந்த ‘எஸ்டிடிபஃப்’. இது நிரல் தொடங்குமுன் சிறு நிரலகம் ஒன்றை ஏற்றி, இடையக வகையை மாற்றி அமைக்கிறது. நிரலகத்தைத் தன்னுள்ளேயே பொதிந்துகொண்ட நிரல்களிடமும், செந்தர நிரலகத்தைப் பயன்படுத்தாத நிரல்களிடமும் இது செல்லாது.

இதற்கு நேர்மாறான தேவையும் உண்டு. காந்தநாடா இயக்கி தரவு இடையறாது வந்தால் சீராக ஓடும். வரவு தடைபட்டால் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மீண்டும் முன்னேறவேண்டும். இதனால் நேரமும் வீணாகும், நாடாவும் தேயும். அங்கு வேண்டுவது பெரிய இடையகம். ‘பஃபர்’, ‘எம்பஃபர்’ என்னும் நிரல்கள் சங்கிலியின் நடுவே நின்று, குறிப்பிட்ட அளவு தரவு சேரும்வரை காத்திருந்து, பின்னர் தொடர்ச்சியாக வெளியிடுகின்றன. இடையகம் மிகுதலும் குறைதலும் தம்மளவில் நன்றோ தீதோ அல்ல. பணியின் தன்மையே அதனை முடிவுசெய்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• கட்டளைவரிக் குழாயில் கெர்னல் இடையகம், நிரலக இடையகம் என இரண்டு உள்ளன. முன்னது நிரல்களின் வேகத்தை இணக்கவும், பின்னது அழைப்புகளின் செலவைக் குறைக்கவும் தோன்றின.

• கெர்னல் இடையகத்தின் அளவு வட்டமைப்பாலும் நினைவகப் பக்கத்தாலும் அமைந்தது. அதன் வரலாறு வளர்ச்சியின் வரலாறாகும்.

• நிரலக இடையகம் மறுமுனையை வினவும் வழக்கத்தால் குழாயின் கொள்கைக்கு முரணாயிற்று. அதன் வரலாறு திருத்த முயற்சிகளின் வரலாறாகும்.

• 1979இல் செலவு கருதி எடுத்த ஒரு முடிவு, 1989இல் செந்தரமாகி, 2009இலும் புதிய கருவி ஒன்றை வேண்டி நின்றது. தொழில்நுட்பக் காரணம் வலுக்குன்றியபின்னும் செந்தரமான வழக்கம் நீங்குவதில்லை.

யூனிக்ஸ் குழாயை அதன் எளிமைக்காகப் போற்றும் வரலாறுகள், அவ்வெளிமை காலத்தைக் கணக்கில் கொள்ளாமல் பெறப்பட்டது என்பதையும் பதிவுசெய்தல் வேண்டும். தரவு சரியாக வந்து சேர்வதும் உரிய நேரத்தில் வந்து சேர்வதும் வெவ்வேறு கடமைகள். முதற்கடமையைக் குழாய் தொடக்கமுதல் நிறைவேற்றி வருகிறது. இரண்டாவதை இன்றும் நிரல் எழுதுவோரே நினைவிற்கொண்டு நிறைவேற்ற வேண்டியுள்ளது.